பூனை மணலும் நகரத்தின் கடனும்



வரலாறு என்றவுடன் அரசர்களையும் போர்களையும் கோயில்களையுமே நாம் நினைவுகூர்கிறோம். நம் வீட்டு வாசலை நாள்தோறும் கடந்து செல்லும் குப்பைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு நகரம் எவ்வாறு வளர்ந்தது, அதன் மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்தினர் என்பதை அறிய அந்த வரலாறு பெரிதும் உதவும். இன்று அக்குப்பைகளுள் மிகச் சிறியதொன்றை எடுத்துக்கொள்வோம். பூனை வளர்ப்போர் வீட்டு மூலையில் ஒரு தட்டில் பரப்பி வைக்கும் மணலே அது. கடைக்காரர்கள் அதனைக் ‘கேட் லிட்டர்’ என்பர். நாம் பூனை மணல் என்போம். பயன்படுத்திய பின் அதனை எங்கே போடுவது? இக்கேள்விக்கு விடை தேடித் திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம் பகுதிக்குச் செல்வோம்.

ஸ்ரீவராகம், பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டைப் பகுதியை அடுத்து அமைந்தது. வராகப் பெருமாள் கோயிலும் அதன் பெரிய குளமும் அவ்வூருக்குப் பெயரையும் பெருமையையும் அளித்தவை. திருவிதாங்கூர் அரசின் தலைநகர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்படும் வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே அரசின் கீழ் இருந்தன. ஆகவே கோட்டையைச் சூழ்ந்த தெருக்களில் தமிழ் ஒலிப்பது புதுமையன்று. அக்கிரகாரங்களில் குடியேறியோரும், சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்தோரும், துடைப்பம் ஏந்தி வந்தோருமாகப் பல நிலையிலுள்ள தமிழர்கள் அந்நகரில் வாழ்ந்து வந்துள்ளனர்.

பூனையின் பெயரிலேயே இவ்விரு மொழிகளின் உறவைக் காணலாம். ஸ்ரீவராகத்தில் அண்டை வீட்டு மலையாளி ‘பூச்ச’ என்று அழைக்கும் பிராணியைப் பழந்தமிழ் ‘பூசை’ என்றது. தம் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைத் தமக்கு உவமையாகக் கூறிய கம்பர் ஆண்ட சொல்லும் அதுவே. நாம் ‘பூனை’ என்று மாற்றிக்கொண்டோம். அவர்கள் பழைய சொல்லைச் சிறிது திரித்துக் காத்து வருகின்றனர்.

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவின் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப் பூனையாகும். மனிதன் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கியபொழுது எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில் மனிதனுக்கு அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டனர். வீட்டுக்குள் வந்த பின்னரும் பூனை தன் பழைய வழக்கம் ஒன்றை விடவில்லை. இளகிய மண்ணைக் கால்களால் தோண்டி, மலங்கழித்து, மீண்டும் மண்ணால் மூடிவிடும்.

பழைய வீடுகளில் இவ்வழக்கம் எவருக்கும் இடையூறாக இருந்ததில்லை. முற்றமும் கொல்லையும் மண்ணாகவே இருந்தன. தென்னை மரத்தடியும் அடுப்புச் சாம்பற் குவியலும் பூனைக்குப் போதுமானவையாயின. நிலமே ஏற்று, நிலமே செரித்துக்கொண்டது. பின்னர்க் கொல்லைகள் பங்கு பிரிக்கப்பட்டன. முற்றங்களுக்குச் சிமெண்டுத் தளம் இடப்பட்டது. அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அடுப்பு விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறியதால் சாம்பலும் மறைந்தது. தோண்டுவதற்கு மண்ணில்லாத வீட்டில் பூனைக்கு மண்ணை விலை கொடுத்து வாங்கும் நிலை ஏற்பட்டது.

விலைக்கு விற்கும் பூனை மணலின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. மிச்சிகன் மாநிலத்தின் கசோபொலிஸ் என்னும் சிற்றூரில் எட்வர்டு லோ என்பவர் தம் தந்தையாரின் வாணிகத்தில் துணை புரிந்து வந்தார். தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் மரத்தூளும் களிமண்ணும் அவர்கள் விற்ற சரக்குகள். 1947ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் வந்து, பூனைக்கு இடும் மணல் உறைந்துவிட்டது என்றும், சாம்பலை இட்டால் அது வீடெங்கும் கரிய அடித்தடங்களைப் பதிக்கிறது என்றும் கூறினார். லோ, ஈரத்தை உறிஞ்சும் களிமண் குறுணையைக் கொடுத்தனுப்பினார். நம் நாட்டில் முல்தானி மட்டி என வழங்கும் மண்ணின் இனத்தைச் சேர்ந்ததே அது. அம்மையாருக்கு அது பிடித்துப்போயிற்று. பின்னர் அவர் ஐந்து பவுண்டு பைகளில் அதனை நிரப்பி, 65 சென்டு விலையிட்டு விற்க முயன்றார். மணல் மலிவாகக் கிடைக்கும்பொழுது இதை யார் வாங்குவார் என்று கடைக்காரர் ஐயுற்றார். அவ்வாறாயின் இலவசமாகக் கொடுங்கள் என்றாராம் லோ. வாங்கிச் சென்றவர்கள் பணம் கொடுத்தும் வாங்கத் திரும்பி வந்தனர். அதிலிருந்து ஒரு பெருந்தொழில் வளர்ந்தது.

1980களில், நனைந்த இடம் மட்டும் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் மணல் வழக்கிற்கு வந்தது. பெண்டோனைட் என்னும் களிமண்ணால் ஆனது அது. பெண்டோனைட் பெரும்பாலும் தொல்பழங்காலத்து எரிமலைச் சாம்பல் சிதைந்து உண்டானது. நீர் பட்டால் பன்மடங்கு பருத்து, பசை போலாகி, இறுகும். இந்தியாவில் குஜராத்தின் கட்சுப் பகுதியில் இது மிகுதியாக வெட்டி எடுக்கப்படுகிறது. அடுப்புச் சாம்பலைக் கைவிட்ட நாம், எரிமலைச் சாம்பலைப் பையிலிட்டு வாங்குகிறோம் எனலாம்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் திங்களுக்கு 5 கிலோ மணல் செலவாகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 60 கிலோ. அப்பூனை 15 ஆண்டுகள் வாழுமாயின் 900 கிலோ. அரிசி வாங்கினால் உண்டு தீர்கிறது. விறகு வாங்கினால் எரிந்து தீர்கிறது. களிமண்ணோ உண்ணப்படுவதுமில்லை, எரிவதுமில்லை, மக்குவதுமில்லை. வாங்கிய எடை முழுவதும், ஈரமும் மலமும் சேர்ந்து சற்றுக் கூடுதலாகவே, வீட்டை விட்டு வெளியேறியாக வேண்டும். கட்சின் நிலத்திலிருந்து தோண்டப்பட்ட ஏறத்தாழ ஒரு டன் மண், ஸ்ரீவராகத்தின் ஒரு வீட்டு வழியாகச் சென்று வேறோர் இடத்தில் குவிகிறது. அவ்விடம் யாருடையது? அங்கே கொண்டு சேர்க்கும் கை யாருடையது?

இக்கேள்விக்கு விடை காண மீண்டும் 1947ஆம் ஆண்டுக்கே செல்ல வேண்டும். கசோபொலிசில் களிமண் பை விற்பனைக்கு வந்த அதே ஆண்டில், கேரளத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளை எழுதிய ‘தோட்டியுடெ மகன்’ என்னும் மலையாள நாவல் வெளிவந்தது. ஆலப்புழை நகரில் வீட்டுக்கு வீடு சென்று எடுப்புக் கழிப்பிடங்களின் மலத்தை அள்ளிச் சுமந்த தோட்டிகளின் கதை அது. அத்தோட்டிகள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள். இசக்கிமுத்து, அவன் மகன் சுடலைமுத்து, அவன் மகன் மோகனன் என மூன்று தலைமுறைகளை அந்நாவல் காட்டுகிறது. தன் மகன் தோட்டியாகக் கூடாது என்பதற்காகவே சுடலைமுத்து அவனுக்கு மோகனன் என்று பெயரிடுகிறான். நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி இந்நாவலைத் ‘தோட்டியின் மகன்’ எனத் தமிழில் பெயர்த்தார்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் நம் முன்னோரை நினைக்கும்பொழுது எழுத்தர்களையும் ஆசிரியர்களையும் வணிகர்களையும் பெருமையுடன் குறிப்பிடுகிறோம். விடியுமுன் வாளியுடன் தெருவில் இறங்கிய தமிழர்களும் நம்மவரே. பிறருடைய அசுத்தத்தைச் சுமப்பது ஒரு சாதியின் பிறவிக் கடன் என்று சமுதாயம் விதித்திருந்தது. மற்றவர்கள் தம் குப்பை எங்கே போயிற்று என்று எண்ணாமல் இருக்க அவ்விதி இடமளித்தது. இந்திய நாடாளுமன்றம் 1993ஆம் ஆண்டிலும், பின்னர் மேலும் கடுமையாக 2013ஆம் ஆண்டிலும், மனிதர் கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. சட்டம் வாளியைத் தடைசெய்தது. தன் குப்பையை எண்ணாதிருக்கும் மனப்போக்கோ எளிதில் மறையவில்லை.

திருவனந்தபுரம் நகரம் இத்துறையில் பிற நகரங்களை விடச் சற்று முன்னரே அடியெடுத்து வைத்தது. 1933ஆம் ஆண்டில் அருவிக்கரையிலிருந்து குழாய்நீர் வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. அதனை அடுத்த ஆண்டுகளில் பாதாளக் கழிவுநீர்த் திட்டமும் மேற்கொள்ளப்பட்டது. 1940ஆம் ஆண்டில் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. கழிவுநீர் நகரின் தென்மேற்கில் கடற்கரையை ஒட்டிய முட்டத்தறைப் பகுதிக்குச் சென்றது. அங்கே நாளொன்றுக்கு 107 மில்லியன் லிட்டர் சுத்திகரிக்கும் ஆற்றல் வாய்ந்த நிலையம் 2013ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது.

கழிவுநீருக்கு வழி பிறந்ததேயன்றித் திடக்குப்பைக்கு வழி பிறக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் நகருக்குக் கிழக்கேயுள்ள விளப்பில்சாலை என்னும் சிற்றூரில் குப்பையை உரமாக்கும் ஆலை ஒன்று நிறுவப்பெற்றது. நகரத்தின் குப்பை வண்டிகள் நாள்தோறும் அங்கே சென்றன. உரமாக மாறாத குப்பை மலைபோல் குவிந்தது. அதிலிருந்து கசிந்த நீர் ஓடையில் கலந்தது; நாற்றம் ஊரைச் சூழ்ந்தது. விளப்பில்சாலை மக்கள் பல ஆண்டுகள் போராடினர். 2011ஆம் ஆண்டு டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. அதனைத் திறக்க 2012இல் மேற்கொண்ட முயற்சிகளையும் மக்கள் தெருவில் அமர்ந்து தடுத்தனர்.

நகரத்தார் அப்பொழுதுதான் ஓர் உண்மையை உணர்ந்தனர். ‘வெளியே’ என்று அவர்கள் எண்ணியிருந்த இடம் வேறொருவரின் ஊராக இருந்தது. இது திருவனந்தபுரத்துக்கு மட்டும் உரிய கதையன்று. பம்பாயில் வாழும் நேயர்கள் 1927ஆம் ஆண்டு முதல் குப்பை கொட்டப்பட்டு வந்த தேவனாரை அறிவர். தில்லியில் வாழ்வோர் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய காஜிப்பூர்க் குப்பை மலையைக் கண்டிருப்பர். பெங்களூரின் குப்பையை ஏற்று வந்த மண்டூர் ஊரார் போராடி, 2014ஆம் ஆண்டில் அதை நிறுத்தினர். கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தீப்பற்றிப் பல நாட்கள் நகரைப் புகையில் ஆழ்த்தியது. நாம் எந்நகரில் வாழ்ந்தாலும் அந்நகருக்கும் ஒரு விளப்பில்சாலை உண்டு.

ஆலை மூடப்பட்ட பின் திருவனந்தபுரம் மாநகராட்சி, மக்கும் குப்பையை அந்தந்த வீட்டிலேயே உரமாக்கும் வழியை வற்புறுத்தியது. குழாயிலும் வாளியிலும் உரமாக்கும் முறைகள் வீடுகளுக்கு வந்தன. திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழிக் கால்நடைப் பண்ணையில் உருவான, காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகள் பொது இடங்களில் அமைக்கப்பட்டன. மக்காத குப்பையை வீடுதோறும் சென்று பெறுவோர் ‘ஹரித கர்ம சேனை’ என்னும் அமைப்பினர்; அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். தோட்டிகளின் கதை நிகழ்ந்த ஆலப்புழையும் இதே காலத்தில் வீட்டளவிலான உரமாக்கலைக் கைக்கொண்டது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2017ஆம் ஆண்டில் குப்பை மேலாண்மைக்கு எடுத்துக்காட்டாகக் கூறிய ஐந்து நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்றாக விளங்கியது. எழுபது ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் சிந்திக்கத்தக்கது.

ஆயினும் எல்லாம் நிறைவுற்றது என்று கூறுவதற்கில்லை. திருவனந்தபுரம் ரயில் நிலையத்தின் அடியில் ஆமையிழஞ்சான் தோடு செல்கிறது. அதில் வீசப்பட்ட குப்பை நீரோட்டத்தை அடைத்திருந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், அதனை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாட்களுக்குப் பின் அவருடைய உடல் கிடைத்தது. அக்குப்பையில் ஒவ்வொரு பையும் யாரோ ஒருவர் ‘ஒரு பை தானே’ என்று எண்ணி எறிந்தது. வாளி ஒழிந்த பின்னும் பிறர் குப்பைக்காக ஓர் உயிர் போயிற்று.

இப்பின்னணியில் பூனை மணலைப் பார்ப்போம். மற்ற குப்பைகளை விட அதில் கூடுதல் கவனம் வேண்டும். அதற்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி. 1908ஆம் ஆண்டில் துனிசியாவிலும் பிரேசிலிலும் அறிஞர்கள் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். அது எவ்வாறு பரவுகிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1970ஆம் ஆண்டளவில்தான், பூனையின் குடலிலேயே அது முழு வளர்ச்சி பெற்று, மலத்தின் வழியாக நுண்ணுறைகளாக வெளிப்படுகிறது என்பது தெளிவாயிற்று. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று நோய் தொற்றிய பூனை, சில வாரங்கள் மட்டும் அந்நுண்ணுறைகளை வெளியிடும். வெளிவந்தவுடன் அவை நோய் பரப்புவதில்லை. ஒன்று முதல் ஐந்து நாட்கள் சென்ற பின்னரே அவ்வாற்றலைப் பெறுகின்றன. பின்னர் ஈரமண்ணில் பல திங்கள் உயிர்ப்புடன் கிடக்கும்.

உடல்நலம் வாய்ந்த பெரும்பாலோருக்கு இதனால் பெருந்துன்பம் நேர்வதில்லை. கருவுற்ற பெண்ணுக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேரலாம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் ஆபத்து உண்டு. அதற்காகப் பூனையைத் தெருவில் விட்டுவிட வேண்டியதில்லை. நன்கு வேகாத இறைச்சியாலும் கழுவாத காய்கறியாலும் கூட இந்நோய் வரும். தட்டை நாள்தோறும் தூய்மை செய்தால் நுண்ணுறைகள் ஆற்றல் பெறுமுன்னரே அகன்றுவிடும். அவ்வேலையைக் கருவுற்ற பெண்ணுக்கு விடாமல் வீட்டிலுள்ள மற்றவர் செய்தல் வேண்டும். செய்த பின் சோப்பினால் கை கழுவுதல் இன்றியமையாதது.

கழிப்பறையில் கொட்டி நீரூற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சிலர் கருதுவர். அது இருவகையில் தவறாகும். நீர்பட்டுப் பருக்கும் களிமண் குழாயையும் செப்டிக் தொட்டியையும் அடைத்துவிடும். அந்த அடைப்பை நீக்க மீண்டும் ஒரு தொழிலாளியையே அழைப்போம். அன்றியும், டாக்ஸோபிளாஸ்மாவின் நுண்ணுறைகள் வழக்கமான குளோரினுக்கு அழிவதில்லை. கலிபோர்னியாவின் கடற்கரையில் மடிந்த கடல் நீர்நாய்களின் உடலில் இவ்வொட்டுண்ணி காணப்பட்டது. அதன் விளைவாக, பூனை மணலைக் கழிப்பறையிலோ மழைநீர்க் கால்வாயிலோ போடலாகாது என்னும் அறிவிப்பைப் பையின் மீது அச்சிட வேண்டும் என 2006ஆம் ஆண்டில் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. நிலத்தில் நடமாடும் பூனையின் கழிவு கடல் விலங்கைச் சென்றடையுமாயின், ஸ்ரீவராகத்தின் குளம் எம்மாத்திரம்!

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? வீட்டுக்குக் கொல்லை உடையவர்கள் பழைய வழியையே மேற்கொள்ளலாம். கிணற்றுக்கும் குளத்துக்கும் காய்கறிப் பாத்திக்கும் விலகிய இடத்தில் ஆழமாகக் குழி வெட்டி, கழிவையிட்டு, ஒவ்வொரு முறையும் மண்ணாலும் உலர்ந்த சருகாலும் மூட வேண்டும். இதற்குக் களிமண்ணை விட மரத்தூளோ தென்னைநார்த் தூளோ ஏற்றது. அவை கேரளத்தில் எளிதில் கிடைப்பவை, மக்கக்கூடியவை. மருந்து பூசிய பலகையின் தூளை மட்டும் தவிர்த்தல் வேண்டும். அடுக்களைக் குப்பையை உரமாக்கும் வாளியில் பூனையின் கழிவைச் சேர்க்கலாகாது. அவ்வாளியின் வெப்பம் நோய்க்கிருமியை அழிக்கும் அளவுக்கு உயரும் என்பதற்கு உறுதியில்லை. அவ்வுரமோ கீரைக்கும் தக்காளிக்கும் செல்கிறது.

மண்ணில்லா மாடி வீட்டில் வாழ்வோர் நாள்தோறும் கட்டியை மட்டும் சிறு கரண்டியால் எடுத்து, பழைய செய்தித்தாளில் இறுகப் பொதிந்து, கட்டித் தனியே வைக்க வேண்டும். தட்டு முழுவதையும் அடிக்கடி கொட்டாமல் கட்டியை மட்டும் நீக்கினால் மணலின் செலவும் குறையும், குப்பையின் எடையும் குறையும். அப்பொதியைத் தங்கள் வட்டத்தில் குழந்தைகளின் டயப்பர் போன்ற கழிவுகளைப் பெறும் ஏற்பாடு எதுவோ அதில் சேர்க்க வேண்டும். அவ்வேற்பாடு ஊருக்கு ஊர் வேறுபடுமாதலால் மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டறிவது நன்று. கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்குடன் மட்டும் அதனை ஒருபோதும் கலத்தலாகாது. ஏனெனில் அந்தச் சாக்கை அவிழ்த்துக் கையால் தரம் பிரிப்பவர் ஒரு பெண்மணி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே அவர் கைவிடுகிறார்.

நேயர்களே, பூனை தன் அசுத்தத்தைத் தானே மூடுகிறது. அதற்கு மண்ணைக் கொடுத்து வீட்டுக்குள் அழைத்தவர்கள் நாம். ஆகவே எஞ்சிய வேலை நம்முடையது. திருநெல்வேலியிலிருந்து சென்ற தமிழர்கள் ஒரு காலத்தில் ஊரார் அனைவரின் கழிவையும் சுமந்தனர். தங்கள் மக்கள் அதனைச் சுமக்கலாகாது என்று அவர்கள் விரும்பினர். அவ்விருப்பம் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. அது நம் வீட்டு வாசலிலும் நிறைவேற வேண்டுமாயின், செய்தித்தாளில் பொதிந்த அச்சிறு பொட்டலத்தை ஓடையில் எறியாமலும், பிறர் கையில் அறியாமல் திணிக்காமலும், உரிய இடத்தில் சேர்ப்பதை நம் நாள் வேலைகளுள் ஒன்றாகக் கொள்வோமாக.